தணிகைச் சீமை – 14: கற்கண்டு தந்த மலை, சமாதி தந்த ஊர்

முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்காரர் அல்லர். பிறந்தது திருவாரூர். வளர்ந்தது சென்னைக்கு வடக்கே மணலி. மந்திர உபதேசமும் வேதாந்தமும் வீணையும் கிடைத்தது காசியில். கண்மூடியது எட்டயபுரத்தில். நம் மலையில் அவர் இருந்தது, குடும்பத்தார் சொல்லிவைத்த கணக்குப்படி, நாற்பதே நாள். இருந்தாலும் இந்தத் தொடரில் அவரைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. சென்ற சில வாரங்களாக எல்லைப் போராட்டம், மங்கலங்கிழார், ம.பொ.சி., திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்த 1960 ஏப்ரல் 1 என்று அரசியல் வெயிலிலேயே நின்றுவிட்டோம். இந்த வாரம் கொஞ்சம் நிழலில் ஒதுங்குவோம்.

தொடங்கும்முன் ஒரு விஷயம். தீட்சிதர் வாழ்க்கையைப் பற்றி இன்று மேடையிலும் புத்தகத்திலும் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஒரே ஒருவர் எழுதிவைத்தது. அவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமிக்கு மகள்வழிப் பேரன். தாத்தாவே தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. 1839-ல் பிறந்தவர் என்பதால் பெரிய தாத்தாவைக் கண்ணால் கண்டதில்லை. அவர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சேறியபோது முத்துசுவாமி மறைந்து ஏறக்குறைய எழுபது வருடம் ஆகியிருந்தது. ஆக, இது வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த சரித்திரம். அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் எங்கே பேரன் பேசுகிறார், எங்கே பக்தர் பேசுகிறார் என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

பிறந்த தேதியிலேயே இந்த வேலை ஆரம்பித்துவிடுகிறது. மன்மத வருடம், பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம் என்பது குடும்பக் குறிப்பு. பல புத்தகங்கள் இதை 1775 மார்ச் 24 என்று போடுகின்றன. மன்மத வருடம் பிறந்ததே 1775 சித்திரையில்தான். அதன் கடைசி மாதமான பங்குனி வர 1776 மார்ச் ஆக வேண்டும். நிலவைக் கேட்டாலும் அதையே சொல்கிறது. 1776 மார்ச் 19 வாக்கில் அமாவாசை. 24-ஆம் தேதி சந்திரன் கார்த்திகையில் நிற்கிறது. ஒரு வருடம் முந்தைய மார்ச் 24-ல் தேய்பிறைச் சந்திரன் தனுசில் கிடக்கிறது. ஆகவே 1776-தான் சரி. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டதும் 1976-ல். கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவர், ஆடிக் கிருத்திகைக்குப் பேர்போன மலையில் வந்து பாட ஆரம்பித்தார் என்பதை நம் ஊர்க்காரர்கள் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் அந்த வழக்கில் தலையிடவில்லை.

தகப்பனார் ராமசுவாமி தீட்சிதரே பெரிய வித்துவான். கச்சேரியில் முதல் பாட்டுக்கு இன்றும் பலர் எடுக்கும் ஹம்ஸத்வனி அவர் உண்டாக்கிய ராகம். நெடுநாள் பிள்ளை இல்லாமல் வைத்தீசுவரன்கோயிலில் விரதம் இருந்து பெற்ற மகன் என்பதால், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே குழந்தைக்கு வைத்தார். பிறகு சின்னசுவாமி, பாலாம்பாள், பாலுசுவாமி. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இந்தக் குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டார். அவருடைய மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி. அவர் தயவால் பிள்ளைகள் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்கார பாண்டு வாத்தியம் கேட்டார்கள். பாலுசுவாமிக்குப் பிடில்மேல் ஆசை வந்தது. ஒரு ஐரோப்பியரிடமே பாடம் கேட்டு, பிறகு நம் ராகங்களை அதில் வாசித்தார். கர்நாடக சங்கீதத்தில் வயலின் நுழைந்த வழிகளில் முதன்மையானது இது. அண்ணனோ அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வார்த்தை கட்டினார். இங்கிலாந்து ராஜ வாழ்த்து மெட்டில் கூட அவருக்கு ஒரு பாட்டு உண்டு. நோட்டுஸ்வரம் என்று பெயர். சுமார் நாற்பது இருக்கின்றன.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி, முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். மூத்த பிள்ளையை அனுப்பத் தகப்பனுக்கு எப்படி மனம் வரும்? முதலியார் பேசிச் சம்மதிக்க வைத்தார் என்கிறது வரலாறு. காசியில் சில ஆண்டுகள். ஸ்ரீவித்யா உபதேசம் அங்கேதான். துருபத் இசையைக் காதாரக் கேட்டதும் அங்கேதான் என்று ஊகிக்கலாம். பிற்காலத்தில் அவர் கையாண்ட ஹிந்துஸ்தானி ராகங்களும், எதற்கும் அவசரப்படாத அந்த நடையும் வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது. கடைசியில் யோகி அவரைக் கங்கையில் இறங்கச் சொன்னாராம். கையில் ஒரு வீணை வந்து சேர்ந்ததாம். அதில் ‘ராம’ என்று நாகரி எழுத்து. யோகி காசியிலேயே அடங்கினார். சீடர் தெற்கே திரும்பினார்.

திரும்பியவர் மணலியில் வெகுநாள் தங்கவில்லை. நேரே திருத்தணி வந்தார்.

அன்றைய திருத்தணியை இன்றைய ஊரை வைத்துக் கற்பனை செய்யக்கூடாது. ரயில் இல்லை, மலைமேல் வண்டி ஏறும் சாலை இல்லை. கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்ட சிற்றூர். கீழே சரவணப் பொய்கை, மேலே ஏறப் படிகள். 365 படி, வருடத்துக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றாக என்று கணக்குச் சொல்வார்கள். சூரனோடு சண்டை போட்ட கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம். சன்னதி முன் மயில் நிற்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் யானையைப் பார்த்துத் திகைப்பார்கள். தெய்வயானைக்குச் சீராக இந்திரன் தந்த ஐராவதம். அதுவும் சுவாமியைப் பார்க்காமல் வெளியே கிழக்கு நோக்கி நிற்கிறது. அருணகிரிநாதர் வந்து பாடிவிட்டுப் போய் மூன்று நூற்றாண்டு ஆகியிருந்தது. கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடியது அண்மைச் செய்தி. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசிக்கொண்ட ஊர், இன்றும் அப்படித்தான்.

அங்கே நாற்பது நாள் தியானம். ஒரு நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் முன் வயதான ஒருவர் வந்து, “முத்துசுவாமி, வாயைத் திற” என்றார். திறந்த வாயில் ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார். கண் திறந்தால் யாரும் இல்லை. நாக்கில் இனிப்பு மட்டும். உடனே வந்தது ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்று தொடங்கும் கீர்த்தனை, மாயாமாளவகௌளை ராகத்தில்.

கதை இவ்வளவுதான். கற்கண்டைப் பற்றி சரித்திரக்காரன் சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டுகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் கீர்த்தனையோடு சேர்த்து எட்டுக் கீர்த்தனைகள் ஒரு தொகுதி. வடமொழி இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளில் குருகுகன் என்ற பெயரை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியவை. முதல் வேற்றுமைக்கு, சரளி வரிசை கற்கும் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மாயாமாளவகௌளை. இரண்டுக்கு ஆனந்தபைரவி. பிறகு பாடி, சாமா, பலஹம்ஸ, பூர்வி, பானுமதி, உதயரவிசந்திரிகா. இதில் பாடியும் பானுமதியும் கச்சேரி மேடையில் இன்றும் அபூர்வம். தாளங்களிலும் ஆதி, ரூபகத்தோடு நிற்காமல் ஜம்பை, சாபு, கண்ட திரிபுடை வரை போகிறார். கன்னி முயற்சியில் ஒருவர் இப்படித் திட்டம் போட்டு எட்டுப் பாட்டுக் கட்டுவது நடக்கிற காரியமா? என் கருத்து, நடக்காது. தகப்பனிடமும் காசியிலும் பல வருடம் கை பழகியவரின் வேலை இது. திருத்தணியில் அவர் பாடக் கற்கவில்லை. தம் பாட்டில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அந்தக் கையெழுத்துதான் ‘குருகுக’. தியாகராஜர் தம் பாட்டில் தம் பெயரையே வைத்தார். சியாமா சாஸ்திரி ‘சியாமகிருஷ்ண’ என்று வைத்தார். தீட்சிதர் வைத்தது தணிகை முருகனை. அதற்குப் பிறகு எந்த ஊரில், எந்தத் தெய்வத்தைப் பாடினாலும், கமலாம்பாளானாலும் பெருமாளானாலும், அந்தப் பாட்டுக்குள் எங்கோ ஓர் இடத்தில் குருகுகன் உட்கார்ந்திருப்பான். இதில் ஒரு சுவையான பின்விளைவு உண்டு. நோட்டுஸ்வரப் பாட்டுகள் எல்லாம் மணலியில் சிறுவயது விளையாட்டு என்று சொல்வது வழக்கம். அவற்றில் சிலவற்றிலும் இந்த முத்திரை இருக்கிறது. மெட்டைக் கேட்டது முன்னாலாக இருக்கலாம். வார்த்தை கட்டியது திருத்தணிக்குப் பிறகு என்றுதான் கொள்ள வேண்டும். இல்லையென்றால் கற்கண்டுக் கதையைக் கைவிட வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது.

திருத்தணியை விட்டு இறங்கியவர் அதன்பின் ஓரிடத்தில் நெடுநாள் நிற்கவில்லை. பக்கத்திலேயே காளத்தி, அங்கே வாயுலிங்கத்துக்கு ஹுசேனியில் ஒரு பாட்டு. காஞ்சி, அண்ணாமலை, ஆனைக்கா, சிதம்பரம் என்று பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் ஐந்து. காஞ்சியில் உபநிஷத் பிரம்மேந்திரரோடு சகவாசம். அப்புறம் திருவாரூர். அவருடைய நடுவயதின் பெரும்பகுதி அங்கேதான். கமலாம்பா நவாவர்ணம், கிரகங்களின்மேல் பாடிய கீர்த்தனைகள் எல்லாம் அந்த மண்ணோடு ஒட்டியவை. அதைப் பற்றி எழுதத் திருவாரூர்க்காரர்கள் இருக்கிறார்கள், நான் கடந்துபோகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது: யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது. தஞ்சை நால்வர் என்று பரதநாட்டிய உலகம் கும்பிடும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் அவர் சீடர்கள். திருவாரூர் கோயிலில் ஆடிய கமலம், வள்ளலார்கோயில் அம்மணி என்று தேவதாசிப் பெண்களும் சீடர் வரிசையில் உண்டு. சுப்பராம தீட்சிதர் இந்தப் பெயர்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆசாரமான அந்தக் காலத்து அந்தண வித்துவானின் இசை நட்டுவனார் வீட்டிலும் தாசி வீட்டிலும் பத்திரமாக இருந்தது என்பது, பின்னால் வந்த சபாக்காரர்கள் அடிக்கடி மறந்த உண்மை.

1817-ல் தகப்பனார் காலமானார். தம்பிகள் இருவரும் பிழைப்புத் தேடி மதுரைப் பக்கம் போனார்கள். 1823-ல் சின்னசுவாமி இறந்தார். மனம் உடைந்த பாலுசுவாமி ராமேசுவரம் போக, அங்கிருந்து எட்டயபுரம் அரண்மனை அவரை அழைத்து ஆஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டது. தம்பியைத் தேடிப் புறப்பட்டார் அண்ணன். மதுரையில் மீனாட்சியைப் பாடிவிட்டுக் கரிசல் காட்டில் இறங்கினார்.

சாத்தூர்ப் பக்கம் மழை இல்லாமல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். அம்பாளை நினைத்து அமிர்தவர்ஷிணியில் ஒரு பாட்டு எடுத்தார், கொட்டியது. கொட்டியது நிற்கவில்லை, நிறுத்தும்படியும் அவரே பாட வேண்டியதாயிற்று. இந்தக் கதையைக் கேட்டு ஏளனம் செய்கிறவர்களும் உண்டு, கண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. ஐப்பசியில் கரிசல் வானம் எப்படி ஒரு மணி நேரத்தில் கறுக்கும் என்று தெரிந்தவர்கள் இரண்டும் செய்ய மாட்டார்கள். பாட்டு இருக்கிறது; அதில் மழைக்கான வேண்டுதலும் இருக்கிறது. அவ்வளவு நிச்சயம்.

எட்டயபுரம் என்றதும் பலருக்குக் கட்டபொம்மன் சினிமாதான் நினைவுக்கு வரும். 1799-ல் கம்பெனி பக்கம் நின்ற ஜமீன். அந்தப் பெயரே தமிழில் வசவாகிவிட்டது. அந்த வழக்கு இருக்கட்டும். பாளையக்காரர் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு அந்தத் தெலுங்கு ஜமீன் பாட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டது. மூன்று தலைமுறை தீட்சிதர்களை வைத்துக் காப்பாற்றியது. சங்கீதக்காரர்கள் எட்டப்பரைத் திட்டும்முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எட்டயபுரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கழுகுமலை. குடைந்த பாறைக்குள் முருகன்; ஜமீனின் பராமரிப்பில் இருந்த கோயில். அங்கே சுத்ததன்யாசியில் ஒரு கீர்த்தனை பாடினார் தீட்சிதர். தணிகை மலையில் தொடங்கிய குருகுகப் பாட்டு, தெற்கே இன்னொரு முருகன் மலைக்கு வந்து சேர்ந்தது.

1835 அக்டோபர் 21. நரக சதுர்த்தசி, தீபாவளி. அவர் பிறந்த மன்மத வருடமே அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து மீண்டும் வந்திருந்தது. அதன் பங்குனிக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. வயது 59. அன்று காலை அரண்மனை யானை காங்கேயன் கட்டவிழ்த்துக்கொண்டு மயானத்துப் பக்கம் ஓடியது. நாட்டுக்கு என்ன கெடுதியோ என்று பயந்த ராஜா தீட்சிதரிடம் வந்தார். “உமக்கும் நாட்டுக்கும் ஒன்றும் வராது” என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். பூஜை முடிந்தது. சீடர்களை ‘மீனாக்ஷி மே முதம்’ பாடச் சொன்னார். கமகக்ரியா ராகம்; இன்று பூர்விகல்யாணி என்போம். மீன்விழியாளே, பாசத்தை அறுப்பவளே என்று கூப்பிடும் இடத்தை மறுபடி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார். அங்கேயே மூச்சு அடங்கியது.

யானை ஓடியதைச் சுப்பராமர் பெரியவர்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும். அவரைத் தத்தெடுத்த பாலுசுவாமி 1859 வரை இருந்தார். அண்ணன் கண்மூடிய ஊரிலேயே வாழ்ந்தவர். ஆகையால் காசி வீணையையும் திருத்தணிக் கற்கண்டையும் விட இந்தக் கடைசி நாள் வர்ணனையை நான் அதிகம் நம்புகிறேன். காசியில் யாரும் கூட இல்லை. எட்டயபுரத்தில் தம்பி இருந்தார்.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போனால் எட்டயபுரம். தீட்சிதரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. தீபாவளியன்று அங்கே நினைவுநாள். ஊருக்கு வருகிறவர்கள் கூட்டமாகப் போவது வேறு இடத்துக்கு: பாரதி பிறந்த வீட்டுக்கும், கல்கி திரட்டிய பணத்தில் எழுந்து 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபத்துக்கும். தீட்சிதர் மறைந்து 47 வருடம் கழித்து அதே ஊரில் பிறந்தவர் பாரதி. சங்கீதம் பற்றி எழுதிய கட்டுரையில் தீட்சிதர் கீர்த்தனைகளின் கம்பீரத்தைக் கங்கையோடு ஒப்பிட்டுப் புகழ்ந்துவிட்டு, சமஸ்கிருதத்தில் இருப்பதால் பொதுஜனங்களுக்கு எட்டாது என்று குறையும் சொன்னார். குறை நியாயமானது. திருவையாறு சேர்த்த கூட்டத்தை எட்டயபுரம் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். தியாகராஜரின் தெலுங்கில் அழுகையும் சண்டையும் கேலியும் உண்டு; கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். தீட்சிதரிடம் தலபுராணமும் மந்திரமும் ராக லட்சணமும். உட்கார்ந்து படிக்க வேண்டும். திருவையாறு, சீடர்கள் நிறைந்த காவிரிக் கரை. எட்டயபுரம் எல்லாவற்றுக்கும் தூரம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1920-களில் தம் நகையையும் சொத்தையும் விற்றுத் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பப் பெங்களூரிலிருந்து ஒரு நாகரத்தினம்மாள் வந்தார். தீட்சிதருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

அவருக்கு வாய்த்தது ஒரு புத்தகம். ஏ.எம். சின்னசாமி முதலியார் என்று சென்னையில் ஒரு கிறித்தவர், எம்.ஏ. படித்து அரசாங்க வேலை பார்த்தவர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி அச்சிட 1893-ல் இறங்கியவர். அந்த வேலைக்காகச் சுப்பராம தீட்சிதரிடம் பாடம் கேட்டார். உடம்பும் கண்ணும் தளர்ந்த நிலையில் எட்டயபுரம் போய், உங்கள் வித்துவானிடம் இருப்பதையெல்லாம் அச்சில் கொண்டுவாருங்கள் என்று ராஜாவிடம் மன்றாடினார். அதன் பலன்தான் பிரதர்சினி. தெலுங்கு எழுத்து, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த நூலை எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகம் 1904-ல் முடித்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229, சுரக்குறிப்போடு. நம் மலையில் பிறந்த எட்டும் அதில் இருக்கின்றன. இந்தப் புத்தகம் வராமல் போயிருந்தால் பானுமதி ராகத்தில் குருகுகனைப் பற்றி ஒரு பாட்டு உண்டு என்று கேள்விப்பட்டிருப்போம், பாடியிருக்க மாட்டோம்.

சுப்பராமர் 1906-ல் போனார். அவர் மகன் அம்பி தீட்சிதர் பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் அவரிடம் பாடம் கேட்டார். இளம்பெண்ணாக இருந்த டி.கே. பட்டம்மாளும் கேட்டார். பட்டம்மாள் வழியாகத்தான் தீட்சிதர் கிருதிகள் வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் பரவலாக வந்தன. தெலுங்கில் இருந்த பிரதர்சினியைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ் எழுத்தில் வெளியிடத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் தமிழ்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த வாரம் வடக்கே சற்று நடந்து கார்வேட்டிநகரம் போகிறோம். திருத்தணியை ஆண்ட அந்த ஜமீனில் பதம் பாடிய சாரங்கபாணியும், வர்ணம் கட்டிய கோவிந்தசாமையாவும் காத்திருக்கிறார்கள்.